வெட்டாத கத்தரி

ஞாயிறும் செல்லுக்குப் பசிக்கும்.
பூசை முடிந்ததும் முக்காட்டை மடித்துப் பையில் திணித்து
காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில்
தண்டையார்பேட்டை வருவேன்.
கீழே லேத் பட்டறை, ஷட்டர் இறக்கியிருக்கும்.
இரண்டாம் மாடியில், முப்பத்தேழு டிகிரியில்,
ரோஸ் நிறத் தண்ணீரில் கிடக்கின்றன
யாருடைய நுரையீரலிலிருந்தோ வந்த செல்கள்.
குப்பியில் பெயர் இல்லை. எண் இருக்கிறது.

"இன்னாதான் பண்ணிக்கினு கீற அங்க?"
வஞ்சிரத்தின் செவுளை ஒரே இழுப்பில் பிடுங்கியபடி
பவுலின் அண்ணி கேட்டாள்.

கத்தரி ஒண்ணு அண்ணி, கண்ணுக்குத் தெரியாது.
கூடவே ஒரு முகவரிச் சீட்டு, இருபது எழுத்து.
முந்நூறு கோடி எழுத்துக்குள்ள போயி
அந்த இருபதைக் கண்டுபிடிச்சா வெட்டும்.

"வெட்டி?"

போன வருசம் வரைக்கும் வெட்டினோம்.
இப்ப முனையை மழுக்கிட்டோம்.
போவும், தேடும், எடத்தப் புடிச்சிக்கினு
அங்கியே நிக்கும். அவ்ளோதான்.

அண்ணி தன் கத்தியைத் திருப்பிப் பார்த்தாள்.
"வெட்டாத கத்திக்கு எவன்டி சம்பளம் தர்றான்?"

அதன் முதுகில் ஒரு பச்சை விளக்கு ஏற்றியிருக்கிறோம்.
சொல்ல வாய் எடுப்பதற்குள்
யாரோ இரண்டு கிலோ சங்கராவை நீட்டிவிட்டார்.

நாங்கள் தேடுவது
மூன்றாம் குரோமோசோமின் ஓரத்தில்
சளி எழுதப்பட்டிருக்கும் இடம்.
சளிதான்.
ஒரே தொடர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது,
மன்றாட்டு மாலையில்
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பதுபோல.
எத்தனை தடவை வருகிறதோ அத்தனை கத்தரி,
அத்தனை விளக்கு.

எர்ணாவூர் தாண்டி டிரெய்லர் வரிசையில்
பதினாலு மணி நேரம் நின்றுவிட்டு வரும் மதலைமுத்து அண்ணன்
வாஷ்பேசினில் துப்புமுன்
குழாயை முழுசாகத் திறந்துவிடுவான்.
கறுப்பாக இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

முதல் மூன்று தடவை ஒன்றும் தெரியவில்லை.
நாலாவதில் செல் முழுக்கப் பச்சை, பாசி பிடித்த தொட்டி.
"வெளக்கு ஜாஸ்தி, முகவரி கம்மி" என்றாள் ஹசீனா.
ஐந்தாவதில் கரண்ட் போனது.

இந்த ஞாயிறு
ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கணைத்து,
குமிழைத் திருகத் திருக
மங்கலான வட்டத்துக்குள்
ஒரு புள்ளி.
தள்ளி இன்னொன்று.
அம்மா தந்தது, அப்பா தந்தது.
யாரோ ஒருவரின் அம்மா, யாரோ ஒருவரின் அப்பா.

அசைந்தன.
இதுவரை இந்த இடத்தைப் பார்க்க
செல்லைக் கொன்றுதான் பார்த்தோம்.
இது உயிரோடு இருந்தது,
நான் பார்ப்பது தெரியாமல்.

கடலில் படகு விளக்கு என்று எழுதப் போனது கை.
எழுதவில்லை. நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:
நியூக்ளியஸ் ஒன்று, புள்ளி 2.
அடுத்தது, 3.
அதற்கடுத்ததும் 3.

ஹசீனா கல்யாண வீட்டில் இருந்தாள்.
போனில் பிரியாணி அண்டா இழுபடும் சத்தம்.
"மூணா? சரியாத்தான் இருக்கும்.
புத்துக் கட்டியிலேர்ந்து வந்த செல்லு அது.
கணக்கு மறந்து எத்தினியோ வருசமாச்சு."

அப்படியானால் மூன்றாவது யார் தந்தது?

மணலிப் பக்கத்து வாடை
மூடிய ஜன்னலிலும் நுழைந்திருந்தது.
பழைய ரோஸ் தண்ணீரை உறிஞ்சி எடுத்து
புதியதை ஓரமாக, மெதுவாக விட்டேன்.
வேகமாக விட்டால் பெயர்ந்துவிடும்.

ராத்திரி அண்ணி சோறு போட்டாள்.
"இன்னிக்காவது வெட்டினியா?"
இல்ல அண்ணி. எங்க இருக்குன்னு பாத்தேன்.
"பாத்து?"

உள்ளே
குழாய் முழுசாகத் திறக்கும் சத்தம்.